சிக்னலில் நின்றால் சூடு: பழைய காரின் ஏசிக்குக் கம்ப்ரஸர் மாற்றத்தான் வேண்டுமா?

தூத்துக்குடியிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியை நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் காரின் நிறுவனத்தையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அவற்றைத் தவிர்த்துவிட்டுச் சுருக்கத்தைத் தருகிறேன்.

அவரிடம் இருப்பது 2012-ஆம் ஆண்டு மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக். 2019-இல் செகண்ட் ஹேண்டாக வாங்கியது, 90,000 கிலோமீட்டர் தாண்டிவிட்டது. வாரம் ஒருமுறை வயதான தம் அம்மாவைச் சிகிச்சைக்காகப் பாளையங்கோட்டைக்கு அழைத்துப் போகிறார். நான்குவழிச் சாலையில் ஓடும்போது ஏசி ஓரளவு நன்றாகவே குளிர்கிறது. டோல்கேட்டிலும் சிக்னலிலும் நின்ற இரண்டு நிமிடத்தில் காற்று வெதுவெதுப்பாகிவிடுகிறது. மருத்துவமனை வாசலில் அம்மாவைக் காருக்குள் உட்காரவைத்து, எஞ்சினை ஓடவிட்டு, இவர் டோக்கன் வாங்கப் போகும் நேரத்தில் அம்மா வியர்த்து நனைந்துபோகிறார். சென்ற ஜூனில் ஒருமுறை, இந்த மார்ச்சில் ஒருமுறை, மே மாதத்தில் ஒருமுறை என மூன்று தடவை கேஸ் டாப்-அப் செய்திருக்கிறார்கள். முதல் தடவைக்குப் பிறகு குளிர்காலம் முழுவதும் குறையில்லை. கடைசியாகப் போட்டது மூன்று வாரம்கூடத் தாங்கவில்லை. இப்போது ஒர்க்‌ஷாப்பில் கம்ப்ரஸர் போய்விட்டது, புதிது போட்டால் 24,000 ரூபாய், ரீகண்டிஷன் என்றால் 11,000 ரூபாய் என்கிறார்கள். வேறொருவர் லீக் அடைக்கும் மருந்து ஊற்றச் சொல்கிறார்; இன்னொருவர் விலை குறைந்த வேறு கேஸ் இருக்கிறது என்கிறார். "சிக்னலில் நிற்கும்போது டெம்பரேச்சர் முள்ளும் பாதிக்குச் சற்று மேலே ஏறுகிறது, பழைய கார் என்பதால் அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்" என்று கடிதத்தின் ஓரத்தில் ஒரு வரி இருக்கிறது. கம்ப்ரஸர் மாற்றலாமா, காரையே விற்றுவிடலாமா, கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்க முடியுமா என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் ஓரத்தில் எழுதிய அந்த ஒரு வரிதான் உங்கள் கடிதத்திலேயே முக்கியமானது. எஞ்சினின் சூட்டைக் காட்டும் முள்ளும் ஏசியின் குளிர்ச்சியும் ஒரே நேரத்தில், அதுவும் கார் நிற்கும்போது மட்டும் தடுமாறுகின்றன என்றால், இரண்டுக்கும் பொதுவான ஏதோ ஒன்று சரியாக வேலை செய்யவில்லை என்று பொருள். அந்தப் பொதுவான உறுப்பு, முன்பக்கக் கிரில்லுக்குப் பின்னால் இருக்கும் ஃபேன். ஆகவே கம்ப்ரஸருக்குப் பணம் கட்டுவதை இப்போதைக்கு நிறுத்திவையுங்கள். கம்ப்ரஸர் நன்றாக இருக்கிறது என்று காரைப் பார்க்காமல் நான் உறுதி சொல்ல முடியாது. ஆனால் அதைக் குற்றம் சொல்வதற்கு முன் செய்ய வேண்டிய சோதனைகள் எதுவும் உங்கள் காருக்குச் செய்யப்படவில்லை என்பது கடிதத்திலிருந்து தெளிவாகவே தெரிகிறது.

முதலில் ஃபேனைப் பாருங்கள்

காருக்குள் இருக்கும் சூட்டை டேஷ்போர்டுக்குள் உள்ள கூலிங் காயில் உறிஞ்சுகிறது. கம்ப்ரஸர் அழுத்தித் தள்ள, உறிஞ்சிய சூட்டைக் கேஸ் சுமந்துகொண்டு முன்னால் உள்ள கண்டென்சருக்குப் போகிறது. அங்கே வெளிக்காற்றில் சூட்டை இறக்கிவைத்துத் திரவமாகித் திரும்புகிறது. இந்தச் சுற்றில் சூடு இறங்கும் இடம் கண்டென்சர் ஒன்றுதான். கார் 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது காற்று தானாகவே அதன்மீது வந்து மோதுகிறது, ஃபேன் ஓடாவிட்டாலும் குறை வெளியே தெரியாது. நின்றுவிட்டால் ஃபேன் இழுத்துத் தரும் காற்று மட்டுமே கதி. அது இல்லையென்றால் கண்டென்சரில் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும், கேஸ் முழுவதும் திரவமாக மாறாது, உள்ளே குளிர்ச்சி குறையும். அதே ஃபேன்தான் பின்னால் உள்ள ரேடியேட்டருக்கும் காற்றை இழுத்துத் தருவதால் எஞ்சினின் முள்ளும் ஏறுகிறது.

இதை நீங்களே வீட்டு வாசலில் பார்த்துவிடலாம். எஞ்சினை ஓடவிட்டு, ஏசியை முழு அளவில் போட்டு, பானட்டைத் திறந்து வையுங்கள். பெரும்பாலான கார்களில் ஏசி போட்ட சில நொடிகளிலேயே ஃபேன் சுற்றத் தொடங்க வேண்டும். ஒரு நிமிடம் காத்திருந்தும் சுற்றவில்லை என்றால் பாதி விடை கிடைத்துவிட்டது. இந்த ஃபேன் எந்த நொடியிலும் தானாகக் கிளம்பும், ஆகையால் கையையும் சேலைத் தலைப்பையும் அதன் பக்கம் கொண்டுபோக வேண்டாம். சுற்றுகிறது என்றாலும் அதோடு விட்டுவிடாதீர்கள். காரின் முன்னால் நின்று, ஒரு வெள்ளைத்தாளைக் கிரில்லுக்கு எதிரே பிடியுங்கள். தாள் இழுக்கப்பட்டுக் கிரில்லோடு ஒட்டி நிற்க வேண்டும். தொங்கிக்கொண்டே இருந்தால் ஃபேன் வேகம் போதவில்லை. உங்கள் பக்கம் தள்ளப்பட்டால், முன்பு யாரோ மோட்டாரை மாற்றியபோது ஒயர்களை மாற்றி இணைத்ததால் ஃபேன் தலைகீழாகச் சுற்றுகிறது. பழைய கார்களில் இப்படித் தலைகீழாகச் சுற்றும் ஃபேன்கள் அபூர்வமல்ல, சுற்றுவதைப் பார்த்த மாத்திரத்தில் எல்லோரும் சரி என்று போய்விடுவதால் அவை நெடுநாள் கண்ணில் படுவதே இல்லை.

சில கார்களில் இரண்டு ஃபேன்கள் இருக்கும். சிலவற்றில் ஒரே ஃபேன், குறைந்த வேகம், அதிக வேகம் என இரண்டு நிலைகளில் ஓடும். குறைந்த வேகத்துக்கான ரெசிஸ்டர் எரிந்துபோனால், எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு அதிக வேகத்தில்தான் ஃபேன் கிளம்பும். முள் பாதிக்கு மேல் ஏறிவிட்டு மறுபடியும் இறங்குகிறது என்றால் எனக்கு முதலில் தோன்றுவது இந்த ரெசிஸ்டர்தான். அதை விட்டால் ஃபியூஸ், ரிலே, மோட்டாருக்குள் தேய்ந்த கார்பன் பிரஷ், கடைசியாகக் கனெக்டர். கடலோர ஊர்க் கார்களில் கனெக்டரைக் கழற்றினாலே செம்பு முனைகளில் பச்சை பூத்திருக்கும். அதைச் சுத்தம் செய்தாலே ஃபேனுக்குப் பழைய வேகம் திரும்பிவிடுவதும் உண்டு. இவற்றில் எதைச் சரிசெய்தாலும் கம்ப்ரஸர் விலையின் அருகில்கூடப் போகாது.

அடுத்தது கண்டென்சரின் அழுக்கு. வெளியிலிருந்து பார்த்தால் சுத்தமாகத் தெரியும்; அதற்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் உள்ள இடைவெளியில்தான் புழுதியும் பூச்சிகளும் பஞ்சும் கம்பளம்போலப் படிந்திருக்கும். உப்பளங்களை ஒட்டிய சாலையில் ஓடும் காருக்கு உப்பும் சேர்ந்துகொள்ளும். எஞ்சின் ஆறிய பிறகு, சாதாரணக் குழாய்த் தண்ணீரை எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிநோக்கி விட்டுக் கழுவச் சொல்லுங்கள். பிரஷர் வாஷரை நேராக அடித்தால் மெல்லிய அலுமினியத் தகடுகள் மடிந்து, இருக்கும் காற்றுவழியும் அடைபட்டுவிடும்.

இன்னொரு சோதனையையும் சொல்கிறேன், ஏசி வேலை தெரிந்தவர்கள் எல்லோரும் செய்வது இது. கார் நின்று, ஏசி காற்று வெதுவெதுப்பான பிறகு, கிரில் வழியாகக் கண்டென்சரின்மீது மட்டும் ஒரு குவளை தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். ஒரு நிமிடத்துக்குள் உள்ளே காற்று குளிரத் தொடங்கினால், சூடு இறங்க வழியில்லாததுதான் பிரச்சினை என்று கிட்டத்தட்ட முடிவாகிவிட்டது. நடு வென்ட்டில் ஒரு தெர்மாமீட்டரைச் செருகிவைத்துப் பார்த்தால் இன்னும் நல்லது; கை சொல்வதைவிட எண் சொல்வதை மெக்கானிக்கிடம் பேசுவது எளிது.

இந்த வேலையை இந்த வாரமே செய்யுங்கள் என்று வற்புறுத்துவதற்கு ஏசி மட்டும் காரணமில்லை. பழைய காரில் முள் பாதிக்கு மேல் ஏறுவது இயல்பு என்ற எண்ணம் தவறு. ஃபேன் ஒருநாள் முழுவதுமாக நின்றுவிட்டால், கோடைவெயிலில் நெரிசலில் நிற்கும் எஞ்சின் கொதித்து ஹெட் கேஸ்கெட் போய்விடும், அந்தச் செலவு கம்ப்ரஸரையும் மிஞ்சும்.

ஆண்டுதோறும் கேஸ் போட வேண்டுமா?

"வருஷத்துக்கு ஒருமுறை கேஸ் போட வேண்டியதுதானே, எல்லாக் காருக்கும் அப்படித்தானே" என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த நம்பிக்கை நம் ஊரில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது, அதனாலேயே இதைப் பொறுமையாக விளக்க விரும்புகிறேன். ஏசிக்குள் இருக்கும் ஆர்-134ஏ கேஸ் பெட்ரோல்போல எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்களுக்குள் அதே கேஸ்தான் திரவமாகவும் ஆவியாகவும் மாறி மாறிச் சுற்றிக்கொண்டிருக்கிறது. ரப்பர் ஹோஸ்கள் வழியாகவும் இணைப்புகள் வழியாகவும் மிகச் சிறிதளவு ஆண்டுக்கணக்கில் வெளியேறும் என்பது உண்மை. ஆகவே பத்து வயதான காருக்கு ஒருமுறை கேஸ் தேவைப்பட்டால் வியப்பில்லை. ஓராண்டுக்குள் மூன்று முறை தேவைப்பட்டால் எங்கோ கசிகிறது. அல்லது, கேஸ் குறையவே இல்லாமல் மேலும் மேலும் நிரப்பியிருக்கிறார்கள்.

இரண்டாவது வாய்ப்பை நான் சும்மா சொல்லவில்லை, நீங்கள் கொடுத்த தேதிகளே அப்படி யோசிக்க வைக்கின்றன. ஜூன் இறுதியில் போட்டது குளிர்காலம் முழுவதும் தாங்கியது என்கிறீர்கள். அக்டோபர் முதல் பிப்ரவரி வரை மழையும் மிதமான வெயிலும் இருக்கும் மாதங்கள். ஃபேன் பாதி வேகத்தில் சுற்றினாலும் அப்போது குறை தெரியாது. மார்ச்சில் வெயில் ஏறியதும் கோளாறு திரும்பியிருக்கிறது. மே மாதத்தில் போட்டது மூன்று வாரத்தில் "போய்விட்டது". கசிவு பெரிதாகிக்கொண்டே வந்தாலும் இதே வரிசையில்தான் நடக்கும். கேஸ் அப்படியே இருந்து வெயில் மட்டும் ஏறியிருந்தாலும் இதே வரிசையில்தான் நடக்கும். தேதிகளை மட்டும் வைத்து இரண்டில் எது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

மீட்டரை மாட்டிப் பார்த்தாலே கேஸ் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்துவிடாதா என்று கேட்கலாம். தெரியாது. குழாய்க்குள் கொஞ்சமேனும் திரவம் இருக்கும்வரை, எஞ்சின் நின்றிருக்கும்போது மீட்டர் காட்டும் அழுத்தம் அன்றைய வெப்பநிலையைத்தான் சொல்லும். 35 டிகிரியில் ஆறியிருக்கும் காரில் அது சுமார் 115 பிஎஸ்ஐ. உள்ளே 250 கிராம் இருந்தாலும் 450 கிராம் இருந்தாலும் கிட்டத்தட்ட அதே எண்தான். எஞ்சின் ஓடும்போது பார்க்கும் அழுத்தமோ ஃபேன், வெயில், எஞ்சின் வேகம் எல்லாவற்றையும் பொறுத்து மாறும். ஆகவே கேஸின் அளவை அறிய நம்பகமான வழி ஒன்றே ஒன்று, எடைபோடுவது.

பானட்டின் உட்புறத்திலோ ரேடியேட்டருக்கு மேலுள்ள தகட்டிலோ ஒரு ஸ்டிக்கர் இருக்கும். எந்த கேஸ், எத்தனை கிராம் என்று அதில் அச்சிட்டிருப்பார்கள். சிறிய கார்களுக்கு இது பெரும்பாலும் 350 முதல் 550 கிராமுக்குள் இருக்கும். கேஸை வெளியே விடாமல் சிலிண்டருக்குள் இழுத்து எடைபோடும் ரெகவரி மெஷின் வைத்திருக்கும் இடத்துக்குப் போய், "இருக்கும் கேஸை எடுத்து எத்தனை கிராம் என்று சொல்லுங்கள்" என்று கேளுங்கள். ஸ்டிக்கரில் 450 என்று இருந்து 260 கிராம்தான் வெளியே வந்தால் கசிவு உறுதி. 600 கிராம் வந்தால், மூன்று முறையும் தேவையில்லாமல் ஊற்றியிருக்கிறார்கள். அந்தக் கூடுதல் கேஸே கண்டென்சரை நிரப்பி, அழுத்தத்தை ஏற்றி, நிற்கும்போது குளிர்ச்சியைக் கெடுத்துக்கொண்டிருக்கிறது. கேஸ் கூடினால் குளிர்ச்சி கூடும் என்பது சரியல்ல. அளவுக்கு மேல் போனால் குளிர்ச்சி குறையும், கம்ப்ரஸருக்கும் கேடு.

கேஸைக் காற்றில் திறந்துவிட்டுப் புதிதாக நிரப்புகிறேன் என்று சொல்லும் இடத்தில் எடையும் தெரியாது, வேறு தீங்கும் உண்டு. ஆர்-134ஏ ஓசோன் படலத்தைக் கெடுப்பதில்லை என்றாலும், ஒரே எடையுள்ள கார்பன் டை ஆக்ஸைடைவிடச் சுமார் 1,400 மடங்கு பூமியைச் சூடாக்கக்கூடியது. ஒரு காரில் 450 கிராம் கேஸ் இருந்தால், அது 600 கிலோவுக்கு மேற்பட்ட கார்பன் டை ஆக்ஸைடுக்குச் சமம். ஆசிரியரான உங்களிடம் இதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

கசிவு என்று தெரிந்தால்

கேஸோடு கலந்து ஆயிலும் சுற்றுவதால், கசியும் இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கும் அதன்மேல் ஒட்டிய புழுதியும் கருமையாகத் தெரியும். கண்டென்சரின் கீழ் ஓரத்தை முதலில் பாருங்கள். உப்புக்காற்றில் அரிப்பதும் கல் அடிபடுவதும் அங்கேதான். பிறகு குழாய் இணைப்புகளில் உள்ள ஓ-ரிங்குகள், கேஸ் போடும் வால்வுகள், கம்ப்ரஸரின் முன்பக்க ஷாஃப்ட் சீல். இந்த சீல் கசிந்தால் கம்ப்ரஸரின் முன்முனையில் உள்ள கிளட்ச் சுற்றும் தளத்துக்கு நேர் மேலே, பானட்டின் அடியில் எண்ணெய் ஒரு கோடாகத் தெறித்திருக்கும். கூலிங் காயில் மட்டும் கண்ணுக்குத் தெரியாது; அதற்கு யூவி விளக்கொளியில் மிளிரும் சாயத்தை (யூவி டை) கலந்து சில நாள் ஓட்டிவிட்டு, கீழே சொட்டும் தண்ணீரை அந்த விளக்கு அடித்துப் பார்க்க வேண்டும், அல்லது எலக்ட்ரானிக் லீக் டிடெக்டரை வென்ட்டில் பிடிக்க வேண்டும்.

"வேக்யூம் போட்டுப் பார்த்தோம், நின்றது, லீக் இல்லை" என்று பில்லில் எழுதியிருந்ததாகச் சொல்கிறீர்கள். வேக்யூம், அதாவது குழாய்களிலிருந்து காற்றை உறிஞ்சி எடுப்பது, அவசியம்தான், ஆனால் அது கசிவுக்கான முழுச் சோதனை ஆகாது. வேக்யூமில் வெளியிலிருந்து உள்ளே அழுத்துவது ஒரு வளிமண்டல அழுத்தம் மட்டுமே. ஏசி ஓடும்போது கண்டென்சர் பக்கம் உள்ளிருந்து வெளியே தள்ளுவது அதைப்போலப் பதினைந்து மடங்குக்கும் மேல். வெளிநோக்கித் தள்ளும்போது திறக்கும் சிறு துளை, உள்நோக்கி இழுக்கும்போது மூடிக்கொள்ளலாம். உலர்ந்த நைட்ரஜனை நிரப்பி, இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பார்ப்பது நம்பத்தக்க முறை. பஞ்சர் கடைக் காற்றை அடித்துச் சோதிக்க யாரையும் அனுமதிக்க வேண்டாம்: அதில் ஈரம் இருக்கும், அழுத்தத்தில் காற்றோடு கலந்த ஆர்-134ஏ தீப்பிடிக்கவும் கூடும்.

கசிவைச் சரிசெய்த பிறகு வேக்யூமை ஐந்து நிமிடத்தில் முடித்துவிடாமல் அரைமணி நேரமாவது ஓடவிடச் சொல்லுங்கள். உள்ளே புகுந்த ஈரம் ஆவியாகி வெளியேற அவ்வளவு நேரம் வேண்டும். ஈரம் தங்கினால், கூலிங் காயிலுக்குள் கேஸை அளவாக விடும் எக்ஸ்பான்ஷன் வால்வின் நுண்ணிய துளையில் பனியாக உறைந்து, அரைமணி குளிர்ந்து, பிறகு நின்று, அணைத்துப் போட்டால் மறுபடி குளிரும் விசித்திரமான கோளாறு வரும். நாளடைவில் ஆயிலோடு சேர்ந்து அமிலமாகிக் கம்ப்ரஸரையும் அரிக்கும். சிஸ்டத்தைத் திறந்தால், ஈரத்தை உறிஞ்சும் ட்ரையரையும் மாற்றிவிடுவதுதான் முறை.

கம்ப்ரஸரைச் சந்தேகிப்பது எப்போது நியாயம்?

உங்கள் ஒர்க்‌ஷாப்காரர் ஏமாற்றுகிறார் என்று நான் சொல்ல வரவில்லை. உள்ளே தேய்ந்த கம்ப்ரஸரும் ஓடும்போது குளிர்வித்து, நின்றால் கைவிடும். அறிகுறி ஒன்றே என்பதால் அவருக்கு அப்படித் தோன்றியிருக்கலாம். ஆனால் இரண்டையும் பிரித்தறிய வழி இருக்கிறது. கார் நிற்கும்போதே ஆக்ஸிலேட்டரை மிதித்து எஞ்சினை 1,500 முதல் 2,000 ஆர்பிஎம்மில் சிறிது நேரம் வையுங்கள். ஃபேன்தான் குற்றவாளி என்றால் இதனால் பெரிய மாற்றம் வராது, தண்ணீர் ஊற்றினால்தான் மாற்றம் வரும். கம்ப்ரஸர் தேய்ந்திருந்தால், வேகம் கூடியதும் குளிர்ச்சி நன்றாகத் திரும்பும், தண்ணீர் ஊற்றிப் பயனிருக்காது. கேஸ் குறைவாக இருந்தாலும், கம்ப்ரஸரைச் சுழற்றும் பெல்ட் வழுக்கினாலும் வேகத்தில் சற்றுத் தேறும் என்பதால் இந்தச் சோதனை மட்டும் போதாது. ஃபேன் சரியாக இருந்து, கேஸ் ஸ்டிக்கரில் உள்ள கிராம் அளவுக்கே நிரப்பப்பட்டு, பெல்ட்டும் இறுக்கமாக இருக்கும்போது மீட்டரைப் பார்க்க வேண்டும். அப்போது தாழ்ந்த அழுத்தப் பக்கம் வழக்கமான 30–45 பிஎஸ்ஐக்கு மேல் ஏறியும், உயர்ந்த அழுத்தப் பக்கம் 200 பிஎஸ்ஐயைக்கூட எட்டாமலும் இருந்தால், அதுவும் நல்ல வெயிலில் அப்படி இருந்தால், கம்ப்ரஸர் அழுத்தவில்லை என்று சொல்வது நியாயம். இரண்டு பக்கமும் உயர்ந்திருந்தால் ஃபேன், கண்டென்சர், கூடுதல் கேஸ் என்ற பக்கம்தான் தேட வேண்டும்.

ஒருவேளை கம்ப்ரஸரே என்று முடிவானால், 11,000 ரூபாய் ரீகண்டிஷனைவிட எனக்குப் பெரிய கவலை, கூடவே வேறு என்ன மாற்றுகிறார்கள் என்பது. பழைய கம்ப்ரஸர் தேய்ந்த உலோகத்தூள் குழாய்களுக்குள் சுற்றிக்கொண்டிருந்தால், புதிய கம்ப்ரஸரையும் அதுவே தின்றுவிடும். பழைய ஆயிலை வெள்ளைத் துணியில் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். தெளிவாக இருந்தால் ட்ரையரும் ஓ-ரிங்குகளும் மாற்றினால் போதும். கறுத்து மினுமினுத்தால் குழாய்களைக் கழுவி, எக்ஸ்பான்ஷன் வால்வையும் மாற்ற வேண்டும். இக்காலக் கண்டென்சர்களின் நுண்குழாய்களை முழுமையாகக் கழுவ முடியாது என்பதால் கண்டென்சரையும் மாற்ற வேண்டியிருக்கும். இதைச் சேர்க்காமல் கம்ப்ரஸரை மட்டும் மாற்றும் மலிவான வேலையைவிட, மாற்றாமல் விடுவதே மேல்.

மருந்தும் மலிவு கேஸும்

லீக் அடைக்கும் மருந்து வேண்டாம். காற்றும் ஈரமும் படும் இடத்தில் இறுகும் வகையில் தயாரிக்கப்பட்டது அது. உள்ளே ஈரம் இருந்தால் எக்ஸ்பான்ஷன் வால்விலேயே இறுகிவிடும். உள்ளே மருந்து இருக்கிறது என்று தெரிந்தால் நல்ல ஒர்க்‌ஷாப்கள் தங்கள் ரெகவரி மெஷினை மாட்டவும் தயங்குவார்கள்.

விலை குறைந்த கேஸ் என்று சொல்வது சமையல் கேஸின் குடும்பத்தைச் சேர்ந்த ஹைட்ரோகார்பனாக இருக்கலாம். நன்றாகவே குளிர்விக்கும், மறுக்கவில்லை. ஆனால் உங்கள் காரின் கூலிங் காயில் இருப்பது டேஷ்போர்டுக்குள், பயணிகளின் மூச்சுக்காற்று உள்ள இடத்தில். அங்கே கசிந்தால் எரியக்கூடிய வாயு மூடிய காருக்குள் சேரும். ஆர்-134ஏ-வுக்கு வடிவமைத்த காரில் அதை நிரப்ப வேண்டாம். சிலிண்டரின் லேபிளைப் பார்த்து, உங்கள் கண்ணெதிரே எடைத்தராசில் வைத்து நிரப்பச் சொல்வது உங்கள் உரிமை.

அம்மா காரில் காத்திருக்கும் நேரம்

ஏசி சரியாகும்வரை மட்டுமல்ல, சரியான பிறகும், நின்ற காரில் எஞ்சினை ஓடவிட்டு அம்மாவைத் தனியாக உட்காரவைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பன்னிரண்டு வயதைத் தாண்டிய காரின் சைலன்சர் குழாயில் எங்கேனும் துளை இருந்தால், கார்பன் மோனாக்ஸைடு காரின் அடியில் தேங்கி உள்ளே புகும். அதற்கு நிறமோ மணமோ கிடையாது. தலைவலியும் சோர்வும்தான் முதல் அறிகுறி, முதியவர் அதைப் பயணக் களைப்பு என்று நினைத்துக் கண்ணயர்ந்துவிடுவார். ஏசி நின்றுவிட்டாலோ வேறு ஆபத்து: வெயிலில் மூடிய கார் சில நிமிடங்களிலேயே கொதிக்கத் தொடங்கும். வாசலில் அம்மாவை இறக்கி உள்ளே ஃபேனுக்கடியில் உட்காரவைத்துவிட்டுக் காரை நிறுத்தப் போங்கள். ஆஸ்பத்திரி ஊழியரிடம் ஒரு வார்த்தை சொன்னால் சக்கர நாற்காலி கிடைக்கும்.

பயணத்தின்போது வெளிக்காற்று வரும் நிலையிலேயே வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடலோரக் காற்றில் ஈரம் அதிகம். அந்த ஈரத்தைத் தண்ணீராக மாற்றவே ஏசியின் சக்தியில் பெரும்பகுதி செலவாகிறது. புறப்படும்போது கண்ணாடிகளை இறக்கி ஓரிரு நிமிடம் ஓட்டிச் சூட்டை வெளியேற்றுங்கள், பிறகு ஏற்றிவிட்டு உள்காற்று சுற்றும் நிலைக்கு மாற்றுங்கள். அரைமணிக்கு ஒருமுறை சிறிது நேரம் வெளிக்காற்றைத் திறந்தால் மூச்சுமுட்டும் உணர்வு வராது. டேஷ்போர்டுக்குப் பின்னால் கேபின் ஃபில்டர் இருந்தால் அதையும் பார்த்துவிடுங்கள். கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று நினைவில்லை என்றால் இப்போதே மாற்ற வேண்டும்.

பணமும் காரும்

நான் வழக்கறிஞர் அல்ல, என் தொழிலில் பார்த்த அளவில் சொல்கிறேன். பணம் வாங்கிக்கொண்டு செய்த சேவையில் குறை இருந்தால் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் செல்ல வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஆனால் டாப்-அப் செய்த பிறகும் குளிரவில்லை என்பது மட்டும் போதுமான சான்றாகாது. மூன்று பில்களும், ரெகவரி மெஷினில் வந்த எடையை எழுதிக் கையெழுத்திட்ட ஒரு தாளும் இருந்தால்தான் பேச்சுக்கு வலு வரும். அந்தத் தாளோடு பழைய ஒர்க்‌ஷாப்பிலேயே முதலில் நிதானமாகப் பேசிப்பாருங்கள். அடுத்த வேலையைக் கூலி வாங்காமல் செய்து தர அவரே முன்வரக்கூடும். இனி எங்கே போனாலும் கேஸின் பெயர், கிராம் அளவு, ஆயில் அளவு மூன்றையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள், கழற்றிய பாகத்தைக் கையில் கேட்டு வாங்குங்கள்.

விற்பதைப் பற்றி: 2012-இல் பதிவான சொந்தக் காருக்கு 2027-இல் 15 ஆண்டு முடிகிறது. அதன்பின் தகுதிச் சோதனை செய்து ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். எஞ்சினும் பாடியும் நன்றாக இருந்து புதுப்பிக்கும் எண்ணம் இருந்தால் ஏசிக்கு முறையாகச் செலவு செய்வது தகும். துரு ஏறி, அதற்கு முன்பே கைமாற்றப் போகிறீர்கள் என்றால், ஃபேனையும் கசிவையும் சரிசெய்வதோடு நிறுத்திக்கொள்ளலாம்; 24,000 ரூபாய்க் கம்ப்ரஸருக்கான பணம் விற்பனை விலையில் திரும்பி வராது. ஏசி குளிரவில்லை என்ற ஒரே காரணத்துக்காக இப்போது அவசரமாக விற்றால், வாங்குபவர் அந்தக் கம்ப்ரஸர் கதையையே சொல்லி விலையைக் குறைப்பார், ஆகவே ஃபேன் சோதனையாவது முடியும்வரை பொறுத்திருங்கள்.

சோதனைகள் முடிந்ததும் மீண்டும் எழுதுங்கள்: தாள் கிரில்லில் ஒட்டியதா, ஸ்டிக்கரில் எத்தனை கிராம், வெளியே வந்தது எத்தனை கிராம், நிற்கும்போது இரண்டு பக்க மீட்டரும் என்ன காட்டின. இவற்றோடு அன்றைய வெயில் எத்தனை டிகிரி என்பதையும் சேர்த்து எழுதினால், கம்ப்ரஸர் விஷயத்தில் இதைவிடத் திட்டவட்டமாகப் பதில் சொல்கிறேன்.